மூன்றாம் துறையில் என் குரல்

14 மார்ச் 2023, செவ்வாய்

பாரிஸ் முழுக்கக் குப்பை. அள்ளுகிறவர்கள் வேலைநிறுத்தம். எங்கள் லா ஷப்பல் தெருவில் நடைபாதையே தெரியவில்லை. மீன் தலையைக் காகிதத்தில் சுற்றி ஃபிரீசரில் வைத்திருக்கிறேன், வீடு நாறக்கூடாது என்று.

காலையில் போன் வந்தது. சினிமாப் படக் காப்பகத்திலிருந்து மதாம் ப்ரியூ என்றாள். பழைய படச்சுருள்களைத் துடைத்துப் புதுசாக்குவது அவள் வேலையாம். “மதாம் லீலா மார் தானே?” என்று கேட்டாள். அந்தப் பெயரில் என்னை ஒருவர் கூப்பிட்டு வருஷக்கணக்காகிறது. ஆமாம் என்றேன், சிம்மாசனத்தில் உட்கார்ந்து சொல்வதுபோல. அடுப்படியில் நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன் என்பது அவளுக்கு எதற்கு?

‘மூன்றாம் துறை’யைப் புதுப்பிக்கிறார்களாம். ஜூன் மாதம் பெரிய திரையில் காட்டப்போகிறார்களாம். கதாநாயகியாக நான் முன்வரிசையில் இருக்கவேண்டுமாம். இருப்பேன் என்றேன். அத்தோடு போனை வைத்திருந்தால் நான் இந்த நோட்டை எடுத்திருக்கமாட்டேன். அவள் அப்புறம் ஒன்று சொன்னாள்.

“மதாம், படப்பிடிப்பு நடக்கும்போதே அடையாளத்துக்குப் பதிவுசெய்கிற சாட்சி ஒலி முழுசாகக் கிடைத்திருக்கிறது. அதில் இருப்பது உங்கள் சொந்தக் குரல். நீங்கள் விரும்பினால் படத்தை அந்தக் குரலிலேயே காட்டலாம்.”

வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

15 மார்ச், புதன்

எழுதி வைக்காவிட்டால் நாளைக்கு இவர்கள் சொல்வதுதான் நடந்ததாகிவிடும். அதனால் எழுதுகிறேன். தமிழில்தான் எழுதுவேன். பிரெஞ்சு பேசுவேன், சண்டை போடுவேன், எழுதத் தெரியாது. காரைக்காலில் கன்னியாஸ்திரிகள் பள்ளியில் ஐந்தாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டார்கள். நிறுத்தியவர் என் பெரியப்பா. அவர் செத்து நாற்பது வருஷமாகிறது. நான் இன்னும் அவருக்காக மெழுகுவத்தி ஏற்றவில்லை.

என் பெயர் செசில் அமிர்தம். கஸ்பார் என்ற பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரரைக் கட்டிக்கொண்டு 1963-இல் மர்செய் துறைமுகத்தில் இறங்கினேன். மூன்று வயதுப் பெண் குழந்தையை மாமியார் என்னோடு அனுப்பவில்லை. குளிர் ஒத்துக்கொள்ளாது, அடுத்த கப்பலில் அனுப்புகிறேன் என்றாள். அந்த அடுத்த கப்பல் ஏழு வருஷம் கழித்துத்தான் வந்தது, அதுவும் விமானமாக. மாமியாரைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்த நோட்டு போதாது.

மர்செயில் சலவைச்சாலையில் இஸ்திரி போட்டேன். 1966-இல் வல்க்ரோஸ் என்ற டைரக்டர் அங்கே படம் எடுக்க வந்தார். சலவைக்காரிகள் கும்பலில் நிற்க ஆள் தேடியவர், என்னைப் பார்த்ததும் ஏற்கெனவே பேசி வைத்திருந்த கதாநாயகியை வேண்டாம் என்று பாரிசுக்கு அனுப்பிவிட்டார். இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன். கொஞ்சம் பெருமைதான்.

அமிர்தம் என்ற பெயர் யாருக்கும் வாயில் நுழையாது என்று லீலா மார் ஆக்கினார்கள். கதையிலும் நான் கடல் கடந்து வந்த ஒரு சலவைக்காரி. எந்த நாட்டுக்காரி என்று கடைசிவரை சொல்லமாட்டார்கள். கடைசியில் துறைமுகத்தின் மூன்றாம் துறையில் நின்று, பெற்ற பிள்ளையைக் கப்பலேற்றி அனுப்புவாள்.

வசனத்தை ஒருத்தி படித்துக் காட்டுவாள், நான் ஒரு தடவை கேட்பேன், அவ்வளவுதான். அடுத்த ஆள் வசனமும் சேர்த்தே மனப்பாடமாகிவிடும். செட்டில் எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். கடைசிக் காட்சியில் மட்டும் வாய் மாறித் தமிழில் ஏதோ சொல்லிவிட்டேன். வல்க்ரோஸ் நிறுத்தச் சொல்லவில்லை. எல்லாம் முடிந்த பிறகு என்னிடம் வந்து, “வசனம் தப்பு, முகம் சரி” என்றார். தமிழில் என்ன சொன்னேன் என்று எனக்கு ஞாபகமில்லை.

பாரிசுக்குப் போய் என் குரலை எடுத்துவிட்டு வேறொருத்தி குரலைப் போட்டார்கள். கடைசிக் காட்சிக்கு மட்டுமில்லை, முழுப் படத்துக்கும். என் உச்சரிப்பு சரியில்லையாம். வாயைத் திறக்கமாட்டேன் என்று கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். படம் ஓகோவென்று ஓடியது. பத்திரிகைக்காரன் எல்லாம் முகத்தைப் பற்றி ஒரு வரி எழுதினான், குரலைப் பற்றி ஒரு பத்தி எழுதினான்.

அந்தக் குரலின் பெயர் சொலாஞ்ஜ் மெர்வில். அவளை நான் மன்னிக்கவில்லை.

16 மார்ச்

குக்கர் வெயிட்டைக் காணோம். ஃபிரிட்ஜுக்கு அடியில் கிடந்தது. குனிந்து எடுத்தேன். எண்பத்திரண்டு வயசு, யாரையும் கூப்பிடவில்லை.

19 மார்ச், ஞாயிறு

பேத்தி நொயெமி வந்தாள். பல் டாக்டரிடம் உதவியாளராக இருக்கிறாள். ஞாயிறு தவறாமல் வருவாள், மீன் குழம்புக்காக. தமிழ் அரைகுறையாகப் புரியும், பேச வராது. ‘ஆயா’ என்று கூப்பிடுவது மட்டும் சுத்தமாக வரும்.

அவளிடம் இன்று சொன்னேன். படத்தில் கேட்பது என் குரல் இல்லை என்று. வீட்டில் ஒருத்தருக்கும் இது தெரியாது. கஸ்பாருக்குத் தெரிந்திருக்கும், ஆனால் மனுஷன் கேட்டதில்லை. கொட்டகையை விட்டு வெளியே வந்து, சிகரெட் பற்றவைத்து, நல்லாயிருந்துச்சு என்றார். அதற்குமேல் அவர் எதைப் பற்றியும் பேசமாட்டார், கடவுள் அவர் ஆத்துமாவைக் காப்பாற்றட்டும்.

நொயெமி சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். அப்புறம் வந்த படங்கள் எல்லாம் என்று இழுத்தாள். அதெல்லாம் என் குரல்தான் என்றேன். எகிப்துக்காரி, அல்ஜீரியாக்காரி, நாடோடிப் பெண், வியட்நாம் ஆயா, கைரேகை பார்க்கிறவள், இரண்டு தடவை கொலைகாரி. உலகத்தில் உள்ள எல்லா நாட்டுக்காரியாகவும் நடித்தாயிற்று, காரைக்கால்காரியாகத் தவிர. உச்சரிப்பு எப்படியிருந்தாலும் அந்த வேஷங்களுக்குப் போதும் என்று விட்டுவிட்டார்கள். ஆனால் ஜனங்கள் தெருவில் நிறுத்திப் பேசுவது அந்த ஒரு படத்தைப் பற்றித்தான். “அந்தக் குரல், மதாம்” என்பார்கள். நான் தலையை ஆட்டிவிட்டுப் போவேன்.

அம்மாவுக்கும் தெரியாதா என்று நொயெமி கேட்டாள். அவள் அம்மா என் மகள் அமலி. மாமியார் பிடித்து வைத்துக்கொண்ட அந்தக் குழந்தை. இப்போது அறுபத்து மூன்று வயசு, லியோனில் மருந்துக்கடை நடத்தி ஓய்வு பெற்றவள். மாதத்துக்கு ஒரு தடவை போன் பண்ணுவாள், மாத்திரை சாப்பிட்டேனா என்று கேட்பாள், வைத்துவிடுவாள்.

தெரியாது என்றேன்.

22 மார்ச், புதன்

மதாம் ப்ரியூ திரும்பக் கூப்பிட்டாள். குரலை மாற்ற ஒரு தடை இருக்கிறதாம். வல்க்ரோஸ் போய்ச் சேர்ந்துவிட்டார். படத்தின் உரிமை இப்போது அவர் மகளிடம் இருக்கிறது. அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறாள். நான் சம்மதிக்கவேண்டும், சொலாஞ்ஜ் மெர்விலும் சம்மதிக்கவேண்டும். இரண்டு பேரும் உயிரோடு இருக்கும்போது ஒருத்தியை மட்டும் கேட்டுச் செய்வது நியாயமில்லையாம்.

நியாயம். 1966-இல் அவள் அப்பாவிடம் அந்தச் சாமான் இருந்திருக்கலாம்.

சொலாஞ்ஜுக்குத் தொண்ணூற்றொன்று. ஓய்வுபெற்ற நடிகர்கள் இல்லத்தில் இருக்கிறாளாம். மதாம் ப்ரியூ போய்க் கேட்டதற்கு, அவளே வந்து என்னைக் கேட்கட்டும் என்று சொல்லியனுப்பியிருக்கிறாள்.

போகமாட்டேன்.

25 மார்ச்

மளிகைக்கடை யோகேஸ்வரன் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. உங்கட படம் திரும்ப வருதாமே அம்மா, பேப்பரில பாத்தன் என்றான். முருங்கைக்காயில் முற்றாததாக நாலு பொறுக்கித் தந்தான். மாப்பிள்ளை ஆக்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

பேப்பரில் போட்டுவிட்டார்கள். இனி அந்தப் படம் ஊரெல்லாம் பார்க்க வரும். அவள் குரலோடு வரப்போகிறதா, என் குரலோடு வரப்போகிறதா என்பதுதான் கேள்வி. எனக்கு இன்னொரு ஐம்பது வருஷம் காத்திருக்க நேரமில்லை.

2 ஏப்ரல், ஞாயிறு

குருத்தோலை ஞாயிறு. பூசை முடிந்து வந்ததும் அமலி போன். மாத்திரை சாப்பிட்டேன் என்றேன். படம் போடுவதாக நொயெமி சொன்னாள் என்றாள். வருகிறாயா என்று கேட்டேன்.

“பார்க்கலாம்” என்றாள்.

அமலி பத்து வயசில் பாரிசுக்கு வந்தபோது விமான நிலையத்தில் என்னைப் பார்த்து, “போன்ழூர், மதாம்” என்றாள். மாமியார் அப்படிச் சொல்லச் சொல்லிக் கொடுத்து அனுப்பியிருந்தாள். அது மாமியார் வேலைதான். வேறு யார் சொல்லியிருப்பார்கள்?

11 ஏப்ரல், செவ்வாய்

போனேன்.

நொயெமி காரில் கூட்டிக்கொண்டு போனாள். வேண்டுமென்றே வெறுங்கையோடு போனேன். நீலக் கரை போட்ட பட்டுச் சேலை, அதன்மேல் கம்பளிக் கோட்டு. யார் வந்திருப்பது என்று அங்கே எல்லாருக்கும் தெரியட்டும் என்று. வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு கிழட்டு நடிகர் எழுந்து நின்று வணக்கம் சொன்னார். 1974-இல் ஒரு படத்தில் எனக்குத் தீர்ப்புச் சொன்ன நீதிபதி. மரண தண்டனை கொடுத்தார். இப்போது நாற்காலியை இழுத்துப் போட்டார்.

சொலாஞ்ஜ் ஜன்னல் பக்கம் இருந்தாள். கண் பார்வை பாதி போய்விட்டது. நகத்துக்குச் சிவப்பு பூசியிருந்தாள். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவள் பேசினாள். அந்தக் குரல். தொண்ணூற்றொரு வயசிலும் அப்படியே, தேனும் புகையும் மாதிரி. என் முகத்தில் ஐம்பத்தேழு வருஷமாக உட்கார்ந்திருக்கும் குரல் எதிரே உட்கார்ந்து என்னையே விசாரிக்கிறது.

“உங்க முகத்தை உங்களைவிட எனக்கு நல்லாத் தெரியும். இருட்டுல உக்காந்து அதையே திருப்பித் திருப்பிப் பாத்திருக்கேன். நீங்க மூச்சு விடுற எடத்துல நான் மூச்சு விட்டாகணும். ஒரு மாசம் உங்க மூச்சைத்தான் விட்டேன்.”

என் குரலை எடுத்துக்கொண்டது போதாதா, மூச்சையுமா என்று கேட்டேன். சிரித்தாள்.

“உங்களைத் தெருவுல நிறுத்திப் பாராட்டினாங்கல்ல? என்னை ஒருத்தரும் நிறுத்தினதில்ல. படத்துல என் பேரே கெடையாது. ஒரு நாள் ரொட்டிக்கடையில ஒரு பொம்பளை திரும்பிப் பாத்து, நீங்க லீலா மார் மாதிரியே பேசுறீங்கன்னா. நான் நன்றின்னு சொல்லிட்டு ரொட்டியை வாங்கிட்டு வந்தேன்.”

இந்த மாதிரி நேரத்தில் நான் சேலைத் தலைப்பைச் சரிசெய்வேன். சரிசெய்தேன்.

தான் நடித்ததில் உருப்படியானது அந்தக் குரல் ஒன்றுதான் என்றாள். அதையும் அழித்துவிட்டால் தான் இருந்ததற்கே அடையாளம் இல்லை. ஆனாலும் சம்மதிப்பாளாம், ஒன்று தெரிந்தால். கடைசிக் காட்சியில் என் உதட்டுக்கு அவள் பிரெஞ்சு வசனம் பொருத்தவேண்டியிருந்தது. “போ, திரும்பிப் பார்க்காதே” என்பது வசனம். எப்படிச் சொன்னாலும் பொருந்தவில்லையாம். அவள் வசனம் முடிந்த பிறகும் என் உதடு எதையோ சொல்லிக்கொண்டேயிருந்ததாம். என்ன பாஷை என்று கேட்டதற்கு ஒலிக்கூடத்தில் யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் கப்பல் சங்கை ஊதவிட்டு மிச்சத்தை மூடினார்களாம்.

“நீங்க உண்மையில என்ன சொன்னீங்க?”

ஞாபகமில்லை என்றேன்.

“நடிகைகிட்ட நடிக்காதீங்க, மதாம்.”

எழுந்து வந்துவிட்டேன். வழியில் நொயெமி ரேடியோவைப் போட்டாள். நல்ல பிள்ளை.

12 ஏப்ரல்

துணி மடித்தேன். முழுவதும் மடித்துவிட்டு, பிரித்து, மறுபடியும் மடித்தேன்.

20 ஏப்ரல், வியாழன்

மதாம் ப்ரியூவின் ஒலிக்கூடம். நொயெமி லீவு போட்டு வந்தாள். முதலில் காதால் கேட்போம், அப்புறம் சண்டை போடுவோம் என்று நான்தான் சொன்னேன். என் குரலை நானே கேட்காமல் அதற்காக எப்படி மல்லுக்கு நிற்பது?

விளக்கை அணைத்தார்கள். திரையில் நான் வந்தேன். இருபத்தைந்து வயசு, இடுப்பில் துணிக்கூடை. அப்படியொரு அழகி. இதைச் சொல்ல வெட்கம் எதற்கு, வேறு யாரும் உயிரோடு இல்லை சொல்வதற்கு.

அந்த அழகி வாயைத் திறந்தாள். ஞானோபதேச வகுப்பில் மந்திரம் ஒப்பிக்கிற பிள்ளையின் குரல் வந்தது.

ஒரு எழுத்துத் தப்பில்லை. ஒரு சொல் விடுபடவில்லை. ஆனால் எல்லாம் ஒரே இழுப்பு. படித்துக் காட்டியவள் எங்கே நிறுத்தினாளோ அங்கே நிறுத்துகிறேன், அவள் எங்கே உயர்த்தினாளோ அங்கே உயர்த்துகிறேன். முகம் ஒரு பக்கம் போகிறது, குரல் ஒரு பக்கம் போகிறது. புருஷன் காணாமல் போன சேதி வரும் காட்சியில், கடையில் கால் கிலோ சர்க்கரை கேட்பதுபோல் கேட்டேன்.

நொயெமி என் பக்கம் திரும்பவில்லை. அவளுக்கும் கேட்டிருக்கிறது. நன்றாக இருக்கிறது என்று மதாம் ப்ரியூ மரியாதைக்குச் சொல்ல வாயெடுத்தாள். அவளுடையதைப் போடு என்றேன்.

போட்டாள். அதே காட்சி. சொலாஞ்ஜின் குரல் என் முகத்துக்குள்ளே போய் உட்கார்ந்தது. நான் கண்ணால் செய்ததை அவள் தொண்டையால் செய்திருந்தாள். நாற்பது வருஷம் இந்தத் தொழிலில் இருந்தவள் நான். யாரை வேண்டுமானாலும் வெறுப்பேன், நல்ல வேலையை நல்ல வேலை இல்லையென்று சொல்ல எனக்கு வராது.

கடைசிக் காட்சியைப் போடு என்றேன். சாட்சி ஒலியில்.

மூன்றாம் துறை. காற்று அடிக்கிறது. கப்பலில் பிள்ளை. என் முகம் திரை முழுக்க. இங்கே ஒப்பிக்கிற குரல் இல்லை.

“அழாதடி. ஆயாகிட்ட சோறு வாங்கித் தின்னுட்டு இரு. அம்மா போயிட்டு சாயங்காலம் வந்துடுவேன். சாயங்காலம் வந்துடுவேன், கண்ணு.”

நொயெமி மெதுவாக, சோறுன்னு வந்துச்சே ஆயா என்று பிரெஞ்சில் கேட்டாள். அவளுக்குத் தெரிந்த சொல் அது. ஆமாம் என்றேன்.

காரைக்கால் பஸ் நிலையத்தில் சொன்னது. மாமியார் இடுப்பில் பிள்ளை. கஸ்பார் பெட்டியைப் பஸ் கூரையில் கட்டிக்கொண்டிருந்தார். வேறு என்ன சொல்லவேண்டும் என்கிறீர்கள்? ஏழு வருஷம் கழித்து வருவேன் என்றா மூன்று வயசுப் பிள்ளையிடம் சொல்வார்கள்? ‘மூன்றாம் துறை’ முடிந்ததும் ஊருக்குப் போய் அழைத்து வருவதாகத்தான் இருந்தேன். உடனே அடுத்த படம் வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. வந்த வாய்ப்பை விட்டுவிட்டுப் போனால் இன்னொருத்தி வந்து உட்கார்ந்துகொள்வாள், தொழில் அப்படி. மாமியார் நினைத்திருந்தால் அனுப்பியிருக்கலாம்.

என் முடிவைச் சொன்னேன். படம் முழுக்க சொலாஞ்ஜ் குரலே இருக்கட்டும். அவள் பெயரை எழுத்தில் போடவேண்டும், என் பெயருக்கு அடுத்து, அதே அளவில். கடைசிக் காட்சி மட்டும் என்னுடையது. கப்பல் சங்கை எடுத்துவிடு. கீழே மொழிபெயர்ப்பு எழுத்து ஓடக்கூடாது.

ஜனங்களுக்குப் புரியாதே, மதாம் என்றாள் ப்ரியூ.

“முகம் தெரியுதில்ல? போதும்.”

21 ஏப்ரல், வெள்ளி

சொலாஞ்ஜுக்கு நானே போன் பண்ணினேன். அவள் கேட்டதைச் சொன்னேன். முதலில் தமிழில் சொன்னேன், பிறகு பிரெஞ்சில். இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. முதல் ஆள் அவளாகவா இருக்கவேண்டும்?

முழுசும் கேட்டுக்கொண்டாள். பிறகு, என் வசனம் பொய், உங்களுடையதும் பொய், ஆனால் உங்களுடையது நல்லா எழுதின பொய் என்றாள். கையெழுத்துப் போடுகிறேன் என்றாள்.

அதற்காக நான் அவளை மன்னித்துவிட்டதாக ஆகாது.

7 மே, ஞாயிறு

அமலி போன் பண்ணினாள். அவள் மாத்திரையைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் நான் முந்திக்கொண்டேன். ஜூன் மாதம் எல்லாருக்கும் தெரியத்தான் போகிறது, என் மகள் அதைத் திரையில் எழுத்தாகப் பார்த்துத் தெரிந்துகொள்ளவேண்டாம். ‘மூன்றாம் துறை’யில் இருப்பது என் குரல் இல்லை என்றேன்.

“தெரியும்” என்றாள்.

எப்படித் தெரியும், யார் சொன்னது, நொயெமியா என்று கேட்டேன்.

“யாரும் சொல்லல. நான் பாரிசுக்கு வந்த வருஷமே அப்பா கூட்டிட்டுப் போய்க் காட்டினாரு. படம் ஆரம்பிச்சதுமே தெரிஞ்சுபோச்சு. காரைக்கால்ல இருந்த ஏழு வருஷமும் உன் குரல் மட்டும்தான் என்கிட்ட இருந்துச்சு. எனக்குத் தெரியாதா?”

தமிழில் சொன்னாள். என் மகள் என்னோடு தமிழில் பேசி எத்தனையோ காலமாகிறது.

அரை நூற்றாண்டு தெரிந்துகொண்டே வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறாள். என்ன ஒரு அழுத்தம். யாரைக் கொண்டு பிறந்தாளோ.

கடைசிக் காட்சியில் என்ன வரப்போகிறது என்று நான் சொல்லவில்லை. சொல்ல நினைத்தேன். குழம்பு பொங்கிவிட்டது என்று வைத்துவிட்டேன். அடுப்பில் குழம்பு இல்லை.

14 ஜூன்

ரவிக்கை பிடிக்கிறது. தையலை ஒரு விரற்கடை பிரித்துவிட்டேன். மதாம் ப்ரியூவுக்குப் போன் செய்து, கடைசிக் காட்சியையும் பழையபடி சொலாஞ்ஜ் குரலிலேயே விட்டுவிடலாமா என்று கேட்டேன். இனி முடியாது, படம் தயாராகிவிட்டது என்றாள். நல்லது, சும்மாதான் கேட்டேன் என்றேன்.

17 ஜூன், சனி

பகல் மூன்று மணிக் காட்சி. கொட்டகை நிறைந்து படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்கள். நான் முன்வரிசை நடுவில். வலப்பக்கம் நொயெமி. இடப்பக்க நாற்காலி காலி. அதற்கு அடுத்து நடைவழி ஓரம் சொலாஞ்ஜ், சக்கர நாற்காலியில், நகத்தில் புதுச் சிவப்பு. நாங்கள் கை கொடுத்துக்கொள்ளவில்லை. அவள் தலையை அசைத்தாள், நானும் அசைத்தேன். போதும்.

விளக்கு அணையப் போகும்போது அமலி வந்தாள். லியோன் ரயில் தாமதமாம். கோட்டைக் கழற்றாமல் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பெயர்கள் ஓடின. லீலா மார். அதற்கு அடுத்து, அதே அளவில், குரல்: சொலாஞ்ஜ் மெர்வில். கொட்டகையில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. அந்தக் குரல் அவளுடையது இல்லையா என்று பின்னால் ஒருவன் கேட்பது என் காதில் விழுந்தது. விழட்டும். எனக்குக் கூசும் என்று நினைத்திருந்தேன். கூசவில்லை. சொலாஞ்ஜுக்குத் தன் பெயர் தெரிந்திருக்காது, கண் அப்படி. பக்கத்தில் இருந்த நர்ஸ் குனிந்து படித்துச் சொன்னாள். கிழவி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

படம் போயிற்று. இரண்டு மணி நேரம். சிரிக்கவேண்டிய இடத்தில் சிரித்தார்கள், மூச்சடக்கவேண்டிய இடத்தில் அடக்கினார்கள். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து நடித்திருக்கிறோம் என்று எனக்கு அப்போதுதான் பட்டது. கேட்டால் நான் இதை ஒத்துக்கொள்ளமாட்டேன்.

மூன்றாம் துறை வந்தது. காற்று. சங்கு ஊதவில்லை. என் குரல் வந்தது.

நான் திரையைப் பார்க்கவில்லை, அமலியையும் பார்க்கவில்லை. முன்னால் இருந்த கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நாலு வரியும் முடிய ஒரு யுகம் ஆயிற்று. காசு கொடுத்து உள்ளே வந்த அத்தனை அந்நியர்களும் கேட்கிறார்கள், கேட்கவேண்டியவள் என் தோளுக்குப் பக்கத்தில் இருக்கிறாள். அவள் எழுந்து போய்விட்டால் பின்னாலேயே போவதா வேண்டாமா என்றுகூட யோசித்துவிட்டேன். முழங்கால் ஒத்துழைக்காது.

அவள் எழுந்து போகவில்லை.

விளக்குப் போட்டதும் எழுந்து நின்று கை தட்டினார்கள். தட்டட்டும் என்று கொஞ்ச நேரம் விட்டு, பிறகு எழுந்தேன். தலை குனிந்து வணக்கம் சொன்னேன். சொலாஞ்ஜ் பக்கம் கையைக் காட்டினேன். இன்னும் பலமாகத் தட்டினார்கள். அவளுக்கு என்னைவிடப் பலமாகத் தட்டினார்களோ என்று ஒரு கணம் கவனித்தேன். சமம்தான்.

அப்புறம் கேள்வி நேரம். பத்திரிகைக்காரர் ஒருவர், கழுத்தில் மஞ்சள் துண்டு, ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டார். கடைசியில் வரும் அந்த அற்புதமான சொற்கள் எந்த மொழி, மதாம் லீலா மார்? அவற்றுக்கு என்ன அர்த்தம்? இன்றைக்காவது சொல்வீர்களா?

எனக்கு எப்போதும் பதில் இருக்கும். இத்தனை வருஷமாகப் பத்திரிகைக்காரர்களைச் சமாளித்தவள். வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை.

அமலி எழுந்து நின்றாள். கோட்டை இன்னும் கழற்றவில்லை. மருந்துக்கடையில் நின்று பேசுகிற அதே தொனியில், கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி, பிரெஞ்சில் சொன்னாள்.

“தமிழ். அங்கே அவங்க பேசுறது என்கிட்ட.”

மஞ்சள் துண்டுக்காரர் விடவில்லை. உங்களிடம் என்ன சொல்கிறார்கள் என்று அவளைக் கேட்டார்.

“அது எங்க வீட்டு விஷயம், முசியே” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

யாரோ சிரித்தார்கள், பிறகு நிறுத்திக்கொண்டார்கள். சொலாஞ்ஜ் நாற்காலிக் கையைத் தட்டினாள், சபாஷ் போடுவதுபோல. நான் மகளைத் திரும்பிப் பார்த்தேன். மூக்கு என்னுடையது. தலையை நிமிர்த்தி வைத்திருப்பதும் என்னுடையது. நடிக்க வந்திருந்தால் பெரிய ஆளாகியிருப்பாள்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. என் மடியிலிருந்த கைப்பையை எடுத்துத் தன் மடியில் வைத்து, வாரைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள், நான் எங்கேயாவது கிளம்பிப் போய்விடுவேன் என்பதுபோல.

வீட்டுச் சாவி, கண்ணாடி, மாத்திரை எல்லாம் அதில்தான் இருந்தன. கொடு என்று நான் கேட்கவில்லை.